அக்காவின் பெயருக்குக் கீழே இரண்டு கோடுகள்

அவரை நாங்கள் 'அட்டவணை' என்றுதான் கூப்பிடுவோம். முதுகுக்குப் பின்னால் வைத்த பெயரை நாளடைவில் முகத்துக்கு நேரேயே சொல்லத் தொடங்கிவிட்டோம். அவரும் கோபித்துக்கொண்டதில்லை. யாராவது பதிவறைக்கு வந்து, எங்கள் கொள்ளுத்தாத்தா இந்த ஊரில் பிறந்தவர் என்று சொல்வார்கள் என இழுத்தால் போதும். எந்த வருஷம், எந்தத் தெரு, தகப்பன் பெயர் என்ன என்று மூன்றே கேள்விகள் கேட்பார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, பதினாலாம் தொகுதி, இரண்டாவது தட்டு, பாதிக்குக் கொஞ்சம் முன்னால் என்பார். போய்ப் பார்த்தால் கொள்ளுத்தாத்தா அங்கே சமர்த்தாக உட்கார்ந்திருப்பார்.

நான் அதே அறையில் ஒட்டுக்காரி. கிழிந்த பக்கத்துக்கு மெல்லிய தாள் வைத்து ஒட்டுவது, தையல் விட்ட பதிவேட்டை மறுபடி தைப்பது, பூச்சி அரித்த அட்டையை மாற்றுவது, இதெல்லாம் என் வேலை. எனக்குப் 'பசை' என்று பெயர். கையில் எப்போதும் மாவுப் பசை காய்ந்து வெள்ளையாக இருக்கும். பிடித்த விஷயத்தை நான் லேசில் விடமாட்டேன் என்பதும் ஒரு காரணமாம். அறைக்கு ஜன்னல் ஒன்றுதான். வெளிச்சத்துக்காக அவரும் நானும் ஆளுக்குக் கொஞ்சம் மேசையை நகர்த்தி நகர்த்தி, கடைசியில் முட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். இருபத்திரண்டு வருஷம் அப்படி. அவர் தும்மினால் என் தாள் பறக்கும்.

அவருக்குக் கொள்கை ஒன்றே ஒன்று. பதிவில் இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. முன்னோரைத் தேடி வருகிறவர்கள் சும்மா வருவதில்லை, வீட்டில் கேட்ட கதைகளை மூட்டை கட்டிக்கொண்டு வருவார்கள். ஒருவர் தன் பாட்டனார் கப்பல் தலைவர் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தார். அட்டவணை பக்கத்தைத் திறந்து தொழில் என்ற பத்தியில் விரலை வைத்தார். கப்பல் சமையலறையில் பாத்திரம் துலக்குபவர் என்று இருந்தது. வந்தவர் முகத்தில் ஈயாடவில்லை. எதைத் துலக்கினால் என்ன, கப்பலில்தானே இருந்தார் என்று நான்தான் சமாதானம் சொல்லி அனுப்பினேன். அட்டவணைக்கு அதில் வருத்தம் கொஞ்சமும் கிடையாது. மனிதர்கள் மாற்றி மாற்றிச் சொல்வார்கள், தாள் மாற்றிச் சொல்லாது என்பார். பல நாள் எனக்கு அந்தப் பேச்சு எரிச்சலாக இருக்கும். சொல்லிப் பயனில்லை என்று வாயை மூடிக்கொள்வேன்.

அவர் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் கதை ஒன்று உண்டு. வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம் கூரை ஒழுகி, பிறப்பு இறப்புப் பதிவேடுகளில் பதினோரு தொகுதிகள் நனைந்துவிட்டன. எல்லாவற்றையும் புதிதாகப் பிரதி எடுத்து, பெயர் வரிசையில் அட்டவணையும் போட வேண்டும் என்று உத்தரவு. எட்டு மாதக் கெடு. இருபத்து மூன்று வயதில், ஒற்றை ஆளாக உட்கார்ந்து, கெடுவுக்கு ஒன்பது நாள் முன்னாலேயே முடித்துவிட்டார். மேலதிகாரி எல்லோர் முன்னிலையிலும் கை குலுக்கினாராம். இந்த ஒன்பது நாள் கதையை நான் நூறு தடவையாவது கேட்டிருப்பேன். புதிதாக யார் வேலைக்கு வந்தாலும் முதல் வாரத்திலேயே அவர்கள் தலையிலும் கட்டிவிடுவார்.

ஓய்வு பெற ஒரு வருஷம் இருக்கும்போது, வெளியூரில் புது வீடு கட்டிய அவருடைய மகன், கூடத்துச் சுவரில் மாட்டுவதற்குக் குடும்பத்தின் வம்சாவளியை எழுதித் தரச் சொன்னான். ஊரார் தாத்தாக்களையே தேடிக்கொண்டிருந்த மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. ஐந்து மாதம் மதியச் சாப்பாட்டு நேரமெல்லாம் அதற்கே போனது. ஏழு தலைமுறை வரைக்கும் போய்விட்டார். நான்கு பெரிய தாள்களை நான்தான் ஒன்றாக ஒட்டிக் கொடுத்தேன். ஒவ்வொரு பெயருக்கும் கீழே கடுகு போன்ற எழுத்தில் தொகுதி எண், பக்க எண் எழுதியிருந்தார். பிள்ளை இல்லாமல் போனவர் பெயருக்குக் கீழே, பதிவறை வழக்கப்படி, இரண்டு குட்டைக் கோடுகள். அந்தக் கிளை அதோடு முடிந்தது என்று அர்த்தம்.

அவருக்கு உடன்பிறந்தவர் ஒரே அக்கா, ஒன்பது வயது மூத்தவர். கணவர் போய்ப் பல காலமாகிவிட்டதால் தம்பி வீட்டுப் பின்னறையில் இருந்தார். ஆஸ்பத்திரித் தையலறையில் இருபத்தாறு வருஷம் படுக்கை விரிப்பு தைத்தவர். தம்பி முதல் நாள் வேலைக்குப் போட்டுக்கொண்டு போன சட்டைகூட அக்கா தைத்ததுதான். அந்த வருஷம் அக்காவின் சிறுநீரகங்கள் இரண்டும் கைவிட்டிருந்தன. இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதன் பொருள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது, அக்காவுக்கும்தான்.

ஒரு நாள் மாலை தம்பி வம்சாவளியைக் கொண்டுபோய் அக்காவின் கட்டிலில் விரித்தார். அக்கா பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு மேலிருந்து பொறுமையாகக் கீழே வந்து, தன் பெயரில் நின்றார். மறுநாள் காலை, மேசையில் பையை வைப்பதற்கு முன்பே அட்டவணை என்னிடம் இதைச் சொன்னார்.

"இது என்னடா கோடு?" என்று அக்கா கேட்டிருக்கிறார்.

"உனக்குக் கீழ யாரும் இல்லைன்னு அர்த்தம்க்கா."

"எனக்கு ஒண்ணு இருந்துச்சே. மூணு நாள் இருந்துச்சு."

அட்டவணைக்கு அது தெரியாத விஷயமில்லை. ஆனால் தெரிந்த விஷயமும் இல்லை. அப்போது அவருக்கு வயது பதினொன்று. அக்காவை ஆஸ்பத்திரியில் சேர்த்ததும் அவரைச் சித்தி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். திரும்பி வந்தபோது அக்கா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். குழந்தை எங்கே என்று கேட்டதற்கு, அதைப் பற்றி அக்காவிடம் வாயே திறக்கக் கூடாது என்று அம்மா சொன்னார். அவர் திறக்கவில்லை. நாற்பத்தெட்டு வருஷம் வீட்டில் யாருமே திறக்கவில்லை. அக்காவுக்கு அதன் பிறகு பிள்ளை இல்லை.

கட்டில் பக்கத்தில் நின்றுகொண்டு தம்பி சொன்ன பதில்தான் எனக்கு ஆறவில்லை. "பதிவுல இருந்தா எழுதிடறேன்க்கா" என்றிருக்கிறார். சாகக் கிடக்கிற அக்காவிடம், பதிவறைக்கு வந்த ஆசாமிக்குச் சொல்வதைப் போல. அக்கா கோபப்படவில்லை. அப்படியானால் தேடு என்றார். தனக்கு வேறு எதுவும் வேண்டாம், தான் போவதற்குள் அந்தக் கோட்டை எடுத்துவிட்டுப் பிள்ளையை எழுதிக் காட்டினால் போதும் என்றார்.

அட்டவணை உடனே பென்சிலை எடுத்துக்கொண்டு கேள்விகளைக் கேட்டிருக்கிறார். எந்த மாதம், எந்தத் தேதி, எந்த ஆஸ்பத்திரி, அப்போது மாமா எந்தத் தெரு முகவரி கொடுத்தார். பக்கத்தைக் கண்டுபிடிப்பதற்கு என்னென்ன வேண்டுமோ அத்தனையும் கேட்டார். ஒன்றையும் விடவில்லை என்று என்னிடம் சொல்லிக்கொண்டார். நானும் தலையை ஆட்டினேன்.

குழந்தை பிறந்த வருஷம் இருந்தது நனைந்து பிரதி எடுத்த பதினோரு தொகுதிகளில் ஒன்றில். தன் கையெழுத்திலேயே இருக்கும், ஐந்து நிமிஷ வேலை என்று போனார். பெயர் அட்டவணையில் இல்லை. சரி, பெயர் வைப்பதற்கு முன்பே போன குழந்தை, அட்டவணையில் வராது என்று மாதத்தைத் திருப்பிப் பார்த்தார். பிறப்பில் இல்லை, இறப்பிலும் இல்லை. முன்மாதம், பின்மாதம், அடுத்த வருஷம் என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு மூன்று நாள் வரி வரியாகப் படித்தார். வந்தவர்களையெல்லாம் அடுத்த வாரம் வரச் சொன்னார். இருபத்திரண்டு வருஷத்தில் அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

மூன்றாம் நாள் சாயங்காலம் அவருக்கு உதவியாக நானும் ஒரு தொகுதியை எடுத்துப் புரட்டினேன். எனக்கு எல்லாத் தொகுதிகளும் கையில் தடவிப் பழக்கம். மற்றத் தொகுதிகளில் பக்கத்துக்கு ஒன்றாவது 'பெயரிடப்படவில்லை' என்று இருக்கும். அந்தக் காலத்தில் அவ்வளவு குழந்தைகள் செத்தன. இந்தத் தொகுதியில் அப்படி ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. அடுத்தடுத்துப் பதினொன்றையும் புரட்டினேன், எதிலும் இல்லை.

"அண்ணே, இந்தப் பதினொண்ணுல மட்டும் பேரில்லாத குழந்தையே கிடையாதே. அந்த வருஷமெல்லாம் ஒண்ணுகூடவா சாகல?" என்று கேட்டேன்.

அவர் கை அப்படியே நின்றுவிட்டது. நான் அவர் முகத்தைப் பார்த்துப் பயந்துபோய்த் தண்ணீர் எடுத்து வந்தேன். குடிக்கவில்லை. டம்ளரைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னார். பிரதி எடுத்த முதல் வாரத்தில், பெயரில்லாத வரியை அட்டவணையில் எந்த எழுத்தின் கீழ் போடுவது என்று தலைமை எழுத்தரிடம் கேட்டிருக்கிறார். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், பெயரில்லாததை யார் வந்து தேடப்போகிறார்கள், விட்டுவிட்டுப் போ என்றிருக்கிறார். அன்றிலிருந்து அட்டவணை விட்டுவிட்டார். பதினோரு தொகுதிகளிலும் ஒருவரைக்கூட எழுதவில்லை. அவருடைய ஒன்பது நாள் அப்படித்தான் மிச்சமாகியிருக்கிறது.

"அந்த வரி என் கண்ணுல பட்டிருக்கும்மா," என்றார். "அக்கா பேரு, மாமா பேரு, தெருப் பேரு எல்லாம் இருந்திருக்கும். பாத்துட்டுத்தான் தாண்டிப் போயிருக்கேன்."

நினைவிருக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றார். நினைவிருந்தாலாவது பரவாயில்லை, சுத்தமாக நினைவில்லை என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். அவர் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். எனக்கு உள்ளுக்குள் கோபம்தான் வந்தது, யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

நனைந்த மூலப் பதிவேடுகளை அந்தக் காலத்திலேயே கூழாக்க அனுப்பிவிட்டார்கள். ஆனால் எனக்கு முன்னால் இருந்த ஒட்டுக்காரர் ஒரு சிக்கனக்காரர். கழிவுக்குப் போகிற தாள்களில் கொஞ்சத்தை எடுத்துக் காயவைத்து, ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, பதிவேட்டு அட்டைக்கு உள்ளீடாக வைத்துவிடுவார். அது எனக்கு மட்டும்தான் தெரியும். ஆகவே அந்தக் காலத்து அட்டைகள் பதினாலைக் கழற்றி, தட்டில் வெந்நீர் ஊற்றி ஊறவைத்து, ஏடு ஏடாக உரித்தோம். பள்ளி வருகைப் பட்டியல், நாய் வளர்ப்பவர் பட்டியல், யாரோ விடுப்புக் கேட்ட கடிதம் எல்லாம் வந்தன. நனைந்த பிறப்புப் பதிவேட்டின் தாள்களும் சில வந்தன. அவற்றில் பெயரில்லாத குழந்தைகள் ஆறு பேர் கிடைத்தார்கள். ஆறு பேரும் வேறு வருஷம், வேறு தாய்மார்.

இதற்குள் ஐந்து வாரம் ஓடிவிட்டது. தினமும் அவர் வீட்டுக்குள் நுழைந்ததும், கிடைத்ததா என்று அக்கா பின்னறையிலிருந்தே கேட்பாராம். தேடிக்கொண்டிருக்கிறேன் என்று இவர் செருப்பைக் கழற்றியபடியே சொல்வாராம். அக்காவுக்குக் கால் வீங்கி, முகம் வீங்கி, சாப்பாடும் இறங்காமல் போயிருந்தது. கேள்வி மட்டும் நிற்கவில்லை.

கடைசி அட்டையும் உரித்து முடித்த நாளன்று அட்டவணை என்னிடம் ஒரு பழைய வெற்றுத்தாள் கேட்டார். எதற்கென்று நான் கேட்கவில்லை. கேட்காமலேயே தெரிந்தது. பழைய தொகுதியின் கடைசியில் எழுதாமல் விட்ட தாள், பத்தி பிரித்துக் கோடு போட்டது, என்னிடம் இருந்தது. எடுத்துக் கொடுத்தேன். வாழ்க்கையில் பதிவில் இல்லாத ஒரு எழுத்தைக்கூட எழுதாதவர், ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, பழைய எழுத்துப் போலவே சாய்த்து எழுதினார். தேதி, ஆஸ்பத்திரி, தாய், தகப்பன், தெரு, ஆணா பெண்ணா, பெயர், இறந்த தேதி. ஒரு பத்தியில்கூடக் கை தயங்கவில்லை. பழகிய கை அல்லவா. பெயர் வர வேண்டிய இடத்தில் 'பெயரிடப்படவில்லை' என்று எழுதி முடித்ததும் இருவரும் மூச்சு விட்டோம். தாளைத் தேநீரில் தோய்த்துக் காயவைத்தவள் நான்தான். மறைக்க ஒன்றுமில்லை, அந்தப் பாவத்தில் எனக்கும் பாதி.

ஞாயிற்றுக்கிழமை நானும் கூட வர வேண்டும் என்று கூப்பிட்டார். தனியாகப் போய் நின்று பொய் சொல்ல அவரால் முடியாது. போனேன். அவர் மனைவி கதவைத் திறந்துவிட்டு, இரண்டு நாளாக மோசம் என்று தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார். பின்னறையில் ஜன்னலோரமாகக் கட்டில், மருந்து பாட்டில்கள், துணி போட்டு மூடிய தையல் இயந்திரம். அக்கா கட்டிலில் இத்தனூண்டாக இருந்தார். பழைய அட்டைக்குள்ளிருந்து கிடைத்தது என்று தம்பி தாளை நீட்டினார்.

அக்கா தன்னைக் கைபிடித்துத் தூக்கி உட்காரவைக்கும்படி என்னிடம் சொன்னார். பூதக்கண்ணாடியை வாங்கிக்கொண்டார். விரல் தேதியில் தொடங்கி மெதுவாக நகர்ந்தது. தன் பெயரில் வந்து கொஞ்ச நேரம் நின்றது. அப்போது அவர் முகத்தில் வந்ததைச் சிரிப்பு என்றுதான் சொல்ல வேண்டும். நான் தம்பியைப் பார்த்தேன், தம்பி தரையைப் பார்த்தார். விரல் மாமாவின் பெயரைத் தாண்டி, தெருவைத் தாண்டி, அடுத்த பத்தியில் நின்றது. திரும்பப் பின்னால் போய் மறுபடி வந்தது.

"ஆண்னு போட்டிருக்கு," என்றார் அக்கா.

பூதக்கண்ணாடியைக் கட்டிலில் வைத்துவிட்டுத் தம்பியைப் பார்த்தார்.

"அது பொண்ணுடா."

எனக்கு இரண்டும் பெண் பிள்ளைகள். ஐந்து வாரம் அந்தக் குழந்தையைத் தேடினேன், அட்டையை உரித்தேன், தாளைத் தோய்த்தேன். ஆணா பெண்ணா என்று எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. பக்கத்தைக் கண்டுபிடிக்க அது தேவைப்படவில்லை.

அட்டவணை கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். பிறகு எல்லாவற்றையும் சொன்னார். தாள் பொய் என்பது, தலைமை எழுத்தர் சொன்னது, தான் விட்டுவிட்டது, ஒன்பது நாள், கை குலுக்கியது எல்லாம். அக்கா குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டார்.

"எத்தன பேர விட்ட?"

"எண்ணலக்கா."

அக்கா தாளை மடித்து, தம்பியிடம் கொடுக்காமல் என்னிடம் கொடுத்தார். "எடுத்துட்டுப் போயிடும்மா. இப்படி ஒரு பிள்ளை பொறக்கவே இல்ல," என்றார். என்னைக் கடிந்துகொள்வது போலக்கூட இல்லை. அலுவலக விஷயம் போலத்தான் சொன்னார். பிறகு தம்பியின் தலையைப் பார்த்து, "எல்லாரும் வாயை மூடிட்டாங்க. நீயாவது பெரியவனானதும் கேப்பேன்னு இருந்தேன்," என்றார்.

அப்போதுதான் அவர் கேட்டார். "எப்படிக்கா இருந்தா?"

அக்கா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நாங்கள் காத்திருந்தோம். தூங்கிவிட்டார் என்று நினைத்து நான் எழுந்தபோது, சுவரைப் பார்த்தபடியே சொன்னார்.

"தல நெறைய முடி."

வேறு எதுவும் சொல்லவில்லை. அதன் பிறகு சொல்லும் நிலையிலும் அவர் இல்லை. பதினோராம் நாள் காலையில் போய்விட்டார். இறப்புப் பதிவேட்டில் அந்த வரியை அட்டவணையே எழுதினார். நான் எழுதுகிறேன் என்று கேட்டும் பேனாவைக் கொடுக்கவில்லை.

மறுவாரம் வேலைக்கு வந்தவர் பதினோரு சீட்டுகள் எழுதி என் மேசையில் வைத்தார். இந்தப் பிரதியில் பெயரிடப்படாத குழந்தைகள் எழுதப்படவில்லை, விட்டவன் நான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். ஒவ்வொரு தொகுதியின் முதல் பக்கத்திலும் ஒட்டச் சொன்னார். ஒட்டினேன். மேலதிகாரிக்கு மூக்கில் வியர்த்துவிட்டது. ஓய்வு பெறப் போகிற நேரத்தில் அலுவலக மானத்தை வாங்குகிறாரே என்று குதித்தார், சீட்டுகளைக் கிழித்தெடுக்கச் சொன்னார். எடுத்தால் பக்கமும் சேர்ந்து கிழியும் என்று நான் சொன்னேன். அது பொய்யில்லை, அன்றைக்குப் பசையைக் கொஞ்சம் கெட்டியாகவே காய்ச்சியிருந்தேன். இப்போதும் அந்தச் சீட்டுகள் இருக்கின்றன. குழந்தையைத் தேடி வருகிறவர்களிடம் இங்கே இல்லை என்று அவர் அதன்பின் சொன்னதில்லை. நான் எழுதவில்லை என்பார். வந்தவர்கள் புரியாமல் விழிப்பார்கள்.

ஓய்வு பெறுவதற்கு முந்தைய வாரம் வம்சாவளியைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வந்தார். அக்காவின் பெயருக்குக் கீழே இருந்த இரண்டு கோடுகளையும் பிளேடால் சுரண்டியிருந்தார். அழுத்திச் சுரண்டியதில் தாளே ஓட்டையாகியிருந்தது. பின்பக்கம் மெல்லிய தாள் வைத்து ஒட்டிக் கொடுத்தேன். மகன் இதைப் பார்த்தால் அசிங்கமாக இருக்கிறது, வேறு எழுதிக் கொடுங்கள் என்று கேட்பானே என்றேன். கேட்கட்டும் என்றார். ஒட்டு காய்ந்ததும், ஜன்னல் வெளிச்சத்தில் குனிந்து, கடுகு எழுத்தில் எழுதினார். மகள், மூன்று நாள், தலை நிறைய முடி. தொகுதி எண்ணும் பக்க எண்ணும் வர வேண்டிய இடத்தில் 'தாய் சொன்னது' என்று போட்டார்.

எழுதி முடிக்க ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. கட்டிலில் விரித்த அன்று மாலையே எழுதியிருக்கலாம். அக்கா கேட்டது அவ்வளவுதான்.